தாண்டிப் போன கதவு

1

நான் ஏற்காட்டை விட்டுக் கனடா வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. மனைவி ஜமீலாவும் மகள் நசீமாவும் வந்து சேர்ந்து வருகிற வாரத்தோடு பத்து வருடம். இந்த ஊரில் இதற்கெல்லாம் கேக் வெட்டுவார்கள். நசீமா கேக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் போன வெள்ளிக்கிழமை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், நாங்கள் இருக்கும் நாலாவது மாடிக்கே புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. நான் கையில் ஒரு துண்டுத்தாளும் பென்சிலுமாகப் போய் அவர்கள் கதவைத் தட்டி, நாளைக்கு மார்க்கெட் போகிறேன், ஏதாவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள் நசீமா. என்னைப் பார்த்தாள். வந்த காலோடு திரும்பி லிஃப்டுக்குள் ஏறி மறுபடியும் கீழே போய்விட்டாள். குடிவந்தவர்களின் பையன் அவளுடைய வகுப்பாம். எனக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏன் அத்தா இப்படிப் பண்றீங்க? எவ்வளவு எம்பாரஸ்ஸிங் தெரியுமா? யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்துருவாங்க."

"குடுத்தாங்களே," என்றேன்.

அவள் அதை நம்பவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு ஃபோன் வந்துவிட்டது. பதினாறு வயதுப் பெண்ணின் ஃபோன் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. எழுதிக் கொடுக்கலாம் என்றால் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது என் தப்பு. ஆகவே அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்குச் சொல்கிறேன். ஏற்காட்டுப் பக்கம் யாராவது இதை வாசித்தால், என் மகளுக்கு நீங்களே ஆங்கிலத்தில் ஒரு கடுதாசி போட்டாலும் சரி.

2

ஏற்காட்டுக்காரர்களுக்கு உலகத்தில் இரண்டே இடம்தான். மேலே, கீழே. மேலே என்றால் நாங்கள். கீழே என்றால் சேலம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் தாண்டிவிட்டால் அப்புறம் மெட்ராஸ், பம்பாய், லண்டன் எல்லாமே கீழேதான்.

எங்கள் அத்தா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் குடை, கம்பளி, டார்ச் லைட், பேட்டரி விற்கிற கடை வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை சரக்கு எடுக்கக் கீழே போவார். முந்தின நாள் சாயங்காலம் சந்தில் உள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே கேள்வி கேட்பார். "நாளைக்குக் கீழ போறனுங்க. ஏதாச்சும் வேணுங்களா?"

அத்தா மட்டுமில்லை, கீழே போகிற யாராக இருந்தாலும் கேட்டாக வேண்டும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் போனால் ரைட்டர் கேட்பார், வாத்தியார் போனால் வாத்தியார் கேட்பார். மருந்து, ரவிக்கைத் துணி, அரிக்கேன் விளக்குக் கண்ணாடி, ரிப்பேருக்குப் போன ரேடியோ, ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டிய எக்ஸ்ரே என்று எல்லாம் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்துதான் மலையேறி வரும். கிளியூர்க்காரர் ஒருவர் கேட்டார் என்று அத்தா ஒருமுறை இரண்டு வாத்துக்குஞ்சுகளைக் கம்பளிக் கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பஸ்ஸில் அவை கத்தாமல் இருக்க வழி நெடுக அவரே இருமிக்கொண்டு வந்தாராம்.

இந்த அக்கறைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. யார் வீட்டுக்கு என்ன மருந்து வந்தது என்று சந்து முழுக்கத் தெரியும். எனக்குக் கனடாவில் வேலை கிடைத்த சேதி, கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே தபால்காரர் புண்ணியத்தில் பக்கத்து ஊரான வெள்ளக்கடை வரைக்கும் போய்விட்டது. "ஏனுங்க தம்பி, சீமைக்குப் போறீங்களாமா?" என்று முகம் தெரியாத ஆள் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கும் யாரையும் தெரியாத ஓர் ஊரில் போய்த் தொலைய வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது அப்படியே நடந்தது.

3

நான் வந்த ஊர் ஹாமில்டன். இரும்பு ஊர். சேலத்தில் டிப்ளமா படித்ததை வைத்து, இங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்ட வேலை அனுமதி கொடுத்தார்கள். குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை. அப்போது நசீமாவுக்கு மூன்று வயது.

வேடிக்கை என்னவென்றால் ஹாமில்டனிலும் மேலே, கீழே உண்டு. ஊரின் பாதி ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. அந்த மேட்டை இவர்கள் மலை என்கிறார்கள். எங்கள் ஊர் பஸ் டிரைவர் ஒரு பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் இந்த மலையை ஏறிவிடுவார். போகட்டும். நான் குடியிருந்தது மேலே, சனிக்கிழமை காய்கறி மார்க்கெட் கூடுவது கீழே.

எங்கள் மாடியில் ஆறு கதவுகள். என்னுடையது போக ஐந்து. கனடா வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் இந்தக் கட்டடத்துக்கு மாறினேன். குடிவந்து மூன்று மாதம் வரைக்கும் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருப்பவர்களின் முதுகைத்தான் பார்த்தேன். லிஃப்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் கதவுக்கு மேலே எரியும் நம்பரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் ஜமீலாவின் கடிதம் வந்தது. அவள் பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

"பாப்பாவுக்கு நொம்பக் காய்ச்சலுங்க. டாக்டர் கீழ கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. மழை, மூடுபனி, எதிர்ல ஆளே தெரியல. அஞ்சு மணி பஸ்ஸு கெளம்பிருச்சு. ரைட்டரூட்டு மேரியக்கா கையக் காட்டிட்டு ஓடுனாங்க. டிரைவர் பார்த்துட்டு, பஸ்ஸ நம்ம சந்து முக்கு வரைக்கும் பின்னாடியே கொண்டாந்து நிறுத்துனாரு. ஒருத்தர் முகம் சுளிக்கலீங்க. பாப்பாவப் படுக்க வெக்கறதுக்கு ஒரு சீட்டையே காலி பண்ணிக் குடுத்தாங்க. இப்ப நல்லா இருக்கா. உங்க போட்டோவுக்கு டாட்டா சொல்லிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போறா."

இதை வாசித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. என் மகள் பிழைத்தது அந்த ஊரால். நான் இங்கே நம்பர் எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த வாரம்தான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு முதல் கதவைத் தட்டினேன்.

பழக்கதோஷத்தில், "நாளைக்குக் கீழே போகிறேன், ஏதாவது வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கதவைத் திறந்த அம்மாள் எனக்கு லிஃப்ட் இருக்கும் பக்கத்தைக் கைகாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த கதவில் திருத்திக்கொண்டு மார்க்கெட் என்று சொன்னேன். யோசித்தார்கள். ஒரு காலிஃபிளவர் என்றார்கள். இரண்டு வாரத்தில் லிஃப்டைக் காட்டிய அம்மாளே முட்டை கேட்டார். ஒரு மாதத்தில் நாலு வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது கதவு நானூற்று ஆறாம் எண் வீடு. முதல் வாரம் அதையும் தட்டினேன். தலை நரைத்த, உயரமான ஒரு மனிதர் திறந்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நான் எதுவும் வாங்குவதில்லை," என்று சொல்லிவிட்டு முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். எனக்கும் ரோஷம் உண்டு. அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கதவைத் தாண்டித்தான் போனேன். தாண்டும்போது செருப்புச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும்படி நடந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

4

ஜனவரியில் கட்டடத்தை நிர்வாகம் செய்யும் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து அனுமதியில்லாமல் வியாபாரம் நடத்துவதாகவும், வீடு வீடாகப் போய் ஆர்டர் எடுப்பதாகவும் புகார் வந்திருக்கிறது. பத்து நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம் ரத்து.

இதற்குச் சில மாதம் முன்புதான் எனக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்திருந்தது. அதை வைத்து ஜமீலாவையும் நசீமாவையும் கூப்பிட மனுப் போட்டிருந்தேன். குடிவரவு அதிகாரிகள் கேட்ட தாள்களில் முக்கியமானது வாடகை ஒப்பந்தம். குடும்பம் வந்தால் தங்க இரண்டு படுக்கையறை உள்ள வீடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்காகவே கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று இந்த வீட்டைப் பிடித்திருந்தேன். ஒப்பந்தம் போனால் மனு திரும்பி வந்துவிடும். வேறு வீடு, வேறு தாள், வேறு வரிசை. வியாபாரம் செய்ததற்காக வீட்டை விட்டு அனுப்பப்பட்டவன் என்ற பெயர் வேறு கூடவே வரும். பட்டறையில் என்னோடு வேலை செய்த ஒருவருக்கு இப்படி ஒரு தாள் தவறிப்போய் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது.

நசீமா தினமும் டாட்டா சொல்கிற என் போட்டோவில் எனக்கு நிறைய முடி இருந்தது. இன்னும் ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் அவளுக்கு என்னை அடையாளமே தெரியாது என்று பயந்தேன். ஊருக்கு எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும். சந்து மொத்தமும் கையெழுத்துப் போட்டு, கனடா சர்க்காருக்கு ரைட்டர் ஒரு பெட்டிஷன் அடித்து அனுப்பியிருப்பார்.

5

அலுவலகத்தில் இருந்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கதவைத் தட்டி ஆர்டர் எடுப்பது உண்மையா?"

"ஆர்டர் இல்லை அம்மா. ஏதாவது வேண்டுமா என்று கேட்பேன்."

"அப்படியானால் பென்சில் எதற்கு?"

"எழுதாவிட்டால் மறந்துவிடுவேன்."

"இதில் உங்களுக்கு என்ன லாபம்?"

ஏற்காட்டில் பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டு நான் கேள்விப்படவில்லை, அதனால் பதிலும் தயாராக இல்லை. நான் விழித்துக்கொண்டு நின்றதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார். எதையோ எழுதினார். பிழைப்பு போயிற்று என்று நினைத்தேன்.

கடைசியில் புகாரை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். எழுதியவர் பெயரை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு தாளை என் பக்கம் திருப்பினார். குழந்தை எழுதினாற்போல் பெரிய பெரிய எழுத்து.

'நாலாவது மாடியில் இந்த ஆள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லார் கதவையும் தட்டுகிறான். அவர்களுக்குச் சாமான் கொண்டுவருகிறான். என் கதவை மட்டும் தட்டுவதில்லை. இந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து நான் இங்கே இருக்கிறேன். இது சரியில்லை.'

அலுவலகம் முதல் இரண்டு வரியோடு நின்றுவிட்டது. நான் கடைசி மூன்று வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தேன். அந்தப் பெண்மணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"மன்னியுங்கள்," என்றேன். "இவர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டால்?"

"வாங்கினால் கோப்பை மூடிவிடலாம். ஆனால் அவர் யார் என்று நான் சொல்ல முடியாது."

"சொல்ல வேண்டாம் அம்மா. அந்தப் படிவத்தை மட்டும் கொடுங்கள்."

6

ஏன் சிரித்தேன் என்று சொல்ல வேண்டும். எழுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், எங்கள் சந்தின் கோடியில் எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியசாமி குடும்பம் இருந்தது. அவருடைய மனைவிதான் பின்னாளில் பஸ்ஸின் பின்னால் ஓடிய மேரியக்கா. ரைட்டரின் தாயார் இறந்து நாலு நாள் ஆகியிருந்த சமயம், அத்தா கீழே போக வேண்டியிருந்தது. துக்க வீட்டில் போய்ச் சாமான் வேண்டுமா என்று எப்படிக் கேட்பது என்று அந்த ஒரு வீட்டை விட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான்.

அதற்கப்புறம் ரைட்டர் எங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். டார்ச் பேட்டரியை ஏரிப் பக்கம் போய் வாங்கினார். இரண்டு மாதம் அத்தாவுக்குக் காரணம் புரியவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயில் மேரியக்கா எல்லோரும் கேட்கும்படி உடைத்துவிட்டார்.

"ஏனுங்க பாய், எல்லார் ஊட்டுலயும் கேட்டுப்போட்டு எங்கூட்ட மட்டும் தாண்டிப் போயிட்டீங்களே? எங்க அத்தை செத்தாங்க, நாங்களுமா செத்துப் போயிட்டோம்?"

அத்தா அன்று சாயங்காலமே அவர்கள் வாசலில் போய் நின்றார். "நாளைக்குக் கீழ போறனுங்க. ஏதாச்சும் வேணுங்களா?" என்றார். அந்த வாரம் அவருக்குச் சேலத்தில் எந்த வேலையும் இல்லை. மேரியக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு வெள்ளை நூல்கண்டு," என்றார். அத்தா மறுநாள் இருபது வளைவு இறங்கி, ஒரு நூல்கண்டு வாங்கிக்கொண்டு, இருபது வளைவு ஏறினார். ரைட்டர் மறுநாளே கடைக்கு வந்து ஒரு குடை வாங்கினார். அப்போது மழைக்காலம்கூட இல்லை.

ஹாமில்டனில் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் நேராக நானூற்று ஆறாம் கதவைத் தட்டினேன். அவர் பெயர் ஹென்ரிக். போர் முடிந்த பிறகு போலந்திலிருந்து வந்து, இரும்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. புகார் கொடுத்தவரைத் தேடி வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்.

"சனிக்கிழமை மார்க்கெட் போகிறேன்," என்றேன். "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?"

கதவைச் சாத்தவில்லை.

"எனக்கு எதுவும் வேண்டாம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால் நீ கேள்," என்றார். "வாரா வாரம் வந்து கேள்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். முதல் நாள் என்னைப் பத்திரிகைச் சந்தா பிடிக்க வந்தவன் என்று நினைத்தாராம். அப்புறம் கதவிடுக்கு வழியாகக் காலிஃபிளவர் போவதைப் பார்த்துப் புரிந்துகொண்டாராம். கூப்பிட்டுக் கேட்க அவருக்கும் ரோஷம். என் செருப்புச் சத்தம் வேறு. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் குடும்பத்தைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். உன்னை வெளியேற்றச் சொல்லி நான் எழுதவில்லையே என்று மூன்று தடவை சொன்னார். எனக்குத்தான் அது தெரியுமே.

படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதே பெரிய எழுத்தில் எழுதினார்: 'இப்போது தட்டுகிறான்.'

அலுவலகப் பெண்மணி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். வெளியே நல்ல பனி. நான் கோட்டுப் பித்தானைக்கூடப் போடாமல் கார் வரைக்கும் நடந்தேன். அப்படி ஒரு நிம்மதி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

7

அப்புறம்தான் எல்லாவற்றையும் ஜமீலாவுக்கு எழுதினேன். ஜூன் மாதம் இருவரும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் நசீமா என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாள். ஜமீலா குனிந்து, "அத்தாதான் சாமி, முடிதான் போயிருச்சு," என்றாள். அவள் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி. ஜமீலா கொண்டுவந்தது ஒரு துணிமூட்டையும் ஒரு தகரப் பெட்டியும், பெட்டியில் பாதி காப்பித்தூளும் மிளகும். என்ன செய்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஹென்ரிக் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டு, தலையை வாரியிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். அறுபத்தைந்து வயது மனிதர். நசீமா முந்தானையிலிருந்து தலையை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டு ஏறினாள்.

மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றோம். ஜமீலா என் காதருகில் கேட்டாள்.

"ஏனுங்க, இவருதானுங்களா அவரு? கம்ப்ளெயின்ட்டு குடுத்தவரு?"

"ஆமா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று வருடம் தனியாக இருந்தவள், முன்பின் தெரியாத தேசத்துக்கு ஒரு குழந்தையோடு வந்தவள். வழியெல்லாம் பயந்துகொண்டே வந்ததாக அப்புறம் சொன்னாள். அப்போது மூட்டையைப் படியில் வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இந்த ஊர்ல மனுசங்க எப்படி இருப்பாங்களோன்னு நொம்பப் பயந்துட்டே வந்தனுங்க," என்றாள். "நம்மூருக்காரரு மாதிரித்தான இருக்காரு."

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் ஹென்ரிக்.

ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பெட்டியைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டார். மீதி இருந்தது ஒரே ஒரு மாடிதான், நான் தூக்குகிறேன் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். பெட்டியை என்னிடம் தரவே மாட்டேன் என்றுவிட்டார்.